ஐந்து நட்சத்திரப் பொம்பிளை

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பிடிக்காத ஒன்றைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார்கள். பிடித்த ஒன்றைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் கண்ணூறு பட்டுவிடுமாம். இந்தப் பழக்கம் ஒரு கடையைப் படுக்க வைக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடையை நிமிர்த்தப் போய் என் கலியாணம் படுக்கும் என்று சுத்தமாகத் தெரியாது.

கடை கரடிப்போக்குச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. 'சாரங்கா மணப்பெண் அலங்காரம்' என்று ரோஸ் நிறத்தில் பெரிய பலகை. நடத்துகிறவர் சாரங்கா அக்கா. அங்கேதான் நான் வேலை செய்தேன். பெயர் வினோஜா, ஊர் வட்டக்கச்சி, வயது முப்பதை எட்டிப் பார்க்கிறது. புருவம் திருத்துவதில் தொடங்கி பொம்பிளை வெளிக்கிடுத்துவது வரை எல்லாம் என் கைக்கு வரும். பொம்பிளை என்றால் எங்கள் பக்கத்தில் கலியாணப் பெண். அவளுக்குச் சேலை உடுத்தி, தலை கட்டி, முகம் செய்து மணவறைக்கு அனுப்புவதுதான் எங்கள் கடையின் பெரிய வேலை.

போனில் கடையின் பெயரைத் தட்டினால் பக்கத்தில் நட்சத்திரம் காட்டும். எங்களுக்கு மூன்றுதான் இருந்தது. சந்திக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்த பியூட்டி பாலருக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. கனடாவிலும் லண்டனிலும் இருந்து கலியாணத்துக்கு வருகிறவர்கள் அங்கே இருந்தபடியே நட்சத்திரம் பார்த்துத்தான் கடை பிடிப்பார்கள். உள்ளூர்க் கலியாணம் வயிற்றைக் கழுவும். கடை நிமிர வேண்டுமென்றால் வெளிநாட்டுக் கலியாணம் வேண்டும்.

மூன்று நட்சத்திரம் போட்டவர்களில் ஒரு அம்மாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உடையார்கட்டுக்காரி. மகளை வெளிக்கிடுத்தி முடித்துத் திருப்பிக் காட்டியபோது என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதவர். அப்படிப்பட்டவர் மூன்று நட்சத்திரம் போட்டு, 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தார். சாரங்கா அக்கா பொறுக்கமாட்டாமல் போன் எடுத்துக் கேட்டார்.

"என்னம்மா, எங்கட வேலையில ஏதும் குறையோ?"

"ஐயோ, குறையோ? என்ர பிள்ளை அம்மாள் மாதிரியெல்லோ இருந்தவள்!"

"பிறகேனம்மா மூண்டு போட்டனீங்கள்?"

"முழுசாப் போட்டா ஊர்க்கண் படுமெல்லோ பிள்ளை. அதுதான் கொஞ்சம் குறைச்சுப் போட்டனான். ஒரு குறை வைச்சாத்தான் நல்லது."

அக்கா போனை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதுகளுக்கு நான் மை பூசிறன். இதுகள் எனக்குக் கரி பூசுதுகள்" என்றார்.

அதன்பிறகு அவர் வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டுப் பார்த்தார். சொந்தம் என்றால் சும்மாவா, ஓடி வந்து ஐந்து ஐந்தாகப் போட்டார்கள். ஆனால் எழுதியதைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா 'நல்ல கடை, சாமான் மலிவு' என்று எழுதினார். நோர்வேயில் இருந்து ஒரு மச்சான் 'சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரி' என்று எழுதினார். எந்தக் கடைக்கு எழுதுகிறோம் என்று பார்க்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை. அக்கா கெஞ்சி மன்றாடி அவற்றை அழிப்பித்தார்.

ஆடி மாதம் வந்தது. ஆடியில் கலியாணம் இல்லை, கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான். ஒரு மத்தியானம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வினோஜா, நீ கதிரையில இரு. உன்னைப் பொம்பிளையா வெளிக்கிடுத்திப் படம் எடுப்பம்."

உண்மையான பொம்பிளைகளின் படம் எங்களிடம் கைநிறைய இருந்தது. ஆனால் அவற்றைப் போனில் போட எந்தத் தாயும் விடமாட்டாள். கண்ணூறுதான் அங்கேயும் காரணம். அதனால் நான் உட்கார்ந்தேன். எத்தனையோ பேரை அந்தக் கதிரையில் இருத்தி நான் வெளிக்கிடுத்தியிருக்கிறேன், என்னை ஒருவரும் இருத்தியதில்லை. சொன்னால் என்ன, எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

வாடகைக்குக் கொடுக்கும் சிவப்புக் கூறைச் சேலையை உடுத்திவிட்டார். கல்லட்டியல், நெற்றிச்சுட்டி, சடைநாகம் எல்லாம் ஏறின. கடைசியில் ஒரு தாலிக்கொடியைக் கொண்டு வந்தார். எழும்பப் பார்த்தேன்.

"அக்கா, தாலி வேண்டாம். அம்மா அறிஞ்சா கொல்லுவா."

"இது கவரிங்கடி. பவுணுமில்லை, மஞ்சள் கயிறுமில்லை. ஐயர் மந்திரம் சொன்னவரே? மேளம் அடிச்சதே? கழுத்து வெறுமையாக் கிடந்தா ஆர் உன்னைக் கட்டின பொம்பிளையெண்டு நம்புவினம்?"

சொல்லிக்கொண்டே பின்னால் நின்று கொழுக்கியை மாட்டினார். அவருடைய விரல்கள் என் பிடரியில் குளிர்ந்தன. பிறகு படம் எடுத்தார். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், படம் நன்றாக வந்தது.

அடுத்தது எழுத்து. "உன்ர பேரிலயே எழுது. உண்மையான ஆள், உண்மையான படம். அப்பத்தான் எடுபடும்" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் என் போனில் தட்டினேன். 'போன தையில் எனது திருமணத்துக்கு இங்கேதான் வெளிக்கிட்டேன். கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. சாரங்கா அக்காவின் கை தங்கக் கை.' அதோடு அக்கா நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. ஏன் எழுதினேன் என்று இன்றைக்கும் தெரியாது, அந்தக் கூறை இன்னும் உடம்பில் இருந்தது காரணமாக இருக்கலாம். 'மணவறையில் இருந்து என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

அக்கா வாசித்துப் பார்த்துச் சிரித்தார். "அடி ஆத்தை, இது நான் சொல்லேல்லையே! எங்க இருந்தடி எடுத்தனி? சரி சரி, நல்லாக் கிடக்கு, விடு."

அக்காவின் போனை வாங்கிக் கடையின் பெயரில் பதில் எழுதுவதும் என் வேலைதான். ஆகவே எனக்கு நானே பதில் எழுதினேன். 'நன்றி தங்கை வினோஜா. நீங்களும் உங்கள் கணவரும் நீடூழி வாழ்க.'

அந்தப் பதிவு எடுபட்டது. அதைப் பார்த்து அதே மாதிரி வேறு பெயர்களில் இன்னும் எழுதினோம். அக்காவின் மச்சாள்மார், மருந்துக் கடைப் பிள்ளைகள், என்னோடு படித்தவர்கள் எல்லோரும் எழுதினார்கள். ஆவணி பிறந்து கலியாணங்கள் தொடங்க நட்சத்திரமும் ஏறிக்கொண்டே போனது. கார்த்திகைக்குள் நாங்கள் சந்திக்கு அந்தப் பக்கத்துப் பாலரை முந்திவிட்டோம். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் போன் வந்தது. அக்கா கடைக்கு ஏசி பூட்டினார். எனக்கும் சந்தோசம்தான், இல்லையென்று சொன்னால் அது பொய்.

அந்த நேரத்தில்தான் கமலாட்சி மாமி எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். மாமி எங்களுக்குச் சொந்தமில்லை. ஊரில் கலியாணம் பேசிக் கொடுக்கிறவர். மாப்பிள்ளை நிருஷன், உருத்திரபுரம். பால் சேகரிக்கும் நிலையத்தில் வேலை. தகப்பன் இல்லை. தாய் சிவனேஸ்வரி அம்மாவும் கனடாவில் ஒரு அக்காவும் மட்டும்தான். சாதகம் நன்றாகப் பொருந்தியது. சிவன் கோவிலடியில் வைத்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டோம்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை ஏன் மறைக்க வேண்டும்? அதிகம் கதைக்கத் தெரியாத மனிதர். கோவில் வீதியில் பெரியவர்கள் கொஞ்சம் முன்னே நடக்க, அவர் செருமிச் செருமி ஒரு கேள்வி கேட்டார்.

"கலியாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவீங்களோ?"

"போவன்" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன்.

"நல்லது. போங்கோ. நானும் அம்மாவும் பழஞ்சோறு திண்டு பழகின ஆக்கள்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து மத்தியானங்களில் போனில் ஒரு செய்தி வரும். 'சாப்பிட்டீங்களோ?' அவ்வளவுதான். வாடிக்கையாளரின் தலையில் ஒரு கையும் போனில் ஒரு கண்ணுமாக நிற்பேன். சாரங்கா அக்கா பார்த்துவிட்டு, "என்னடி, மெய்யாவே பார்வை வந்திட்டுதோ?" என்று பகிடி பண்ணுவார்.

தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குக்கு நாள் பார்க்கும் கதை நடந்துகொண்டிருந்தபோது செய்தி நின்றது. இரண்டு மூன்று நாள் வேலை அதிகம் போல என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு கமலாட்சி மாமி வீட்டுக்கு வந்தார். வழமையாகப் படியேறும்போதே தேத்தண்ணி கேட்கிற மனிசி, அன்றைக்குக் கதிரையில்கூட இருக்காமல் அம்மாவிடம் பாய்ந்தார்.

"பத்மாசனி, நான் உன்னை நம்பித்தானே நாலு வாசல் ஏறினனான்? பிள்ளை முந்திக் கட்டினதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ?"

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமி தன் போனை நீட்டினார். கனடாவில் இருக்கும் நிருஷனின் அக்கா அனுப்பியதாம். தம்பிக்குப் பார்த்த பிள்ளையின் பெயரைப் போனில் தேடியிருக்கிறார். முந்தி எங்கள் பக்கத்தில் கலியாணம் விசாரிப்பதென்றால் கிணற்றடியிலும் கோவில் கேணியடியிலும் விசாரிப்பார்கள். இப்போது கனடாவிலிருந்து விசாரிக்கிறார்கள். என் பெயர், என் படம், 'எனது திருமணத்துக்கு', 'என் கணவர்', அதற்குக் கீழே கடை கொடுத்த வாழ்த்து. எல்லாம் ஒரே படமாக அந்தப் போனில் இருந்தன.

அம்மா படத்தைப் பார்த்தார். முதலில் அவருடைய முகம் மலர்ந்தது. நான் கூறையோடு நிற்பதைப் பார்க்க எவ்வளவு காலம் காத்திருந்தவர். பிறகுதான் கழுத்தைப் பார்த்தார். அந்த முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"இதென்ன பிள்ளை?"

சொன்னேன். கடைக்காக எழுதியது, கவரிங் தாலி, எல்லாவற்றையும் சொன்னேன். மாமி நம்பியதாகத் தெரியவில்லை. அம்மா நம்பினார். நம்பியதால்தான் அடித்தார். "தாலி உனக்கு விளையாட்டுச் சாமானே?" என்று கேட்டு அடித்தார். முப்பது வயதில் தாயிடம் அடிவாங்குவது ஒரு தனி அனுபவம்.

பதற்றத்தில் நான் அந்தப் பதிவை அழித்தேன். அது இன்னொரு மடத்தனம். அடுத்த நாளே மாமி போன் எடுத்து, "அழிச்சுப்போட்டாளாமே? மறைக்க ஒண்டுமில்லாட்டி ஏன் அழிச்சவளெண்டு கேக்கினம்" என்றார். படமோ அழியவில்லை. அதை அக்கா கடையின் கணக்கிலும் ஏற்றியிருந்தார், அழிக்கும் உரிமை அவருடைய போனில்தான் இருந்தது.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்து வை என்பார்கள். நான் ஒரே ஒரு பொய் சொல்லி என் கலியாணத்தைக் குழப்பிவிட்டேன். நிருஷனுக்கு எடுத்துப் பார்த்தேன். மணி போனது, அவர் எடுக்கவில்லை. பிறகு மணியும் போகவில்லை.

சாரங்கா அக்காவின் முன்னால் போய் நின்று அழுதேன். "அக்கா, நீங்கள் சொன்னா நம்புவினம். ஒருக்காப் போய்ச் சொல்லுங்கோ. கடைக்காக நீங்கள்தான் எழுதச் சொன்னனீங்கள் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

"இதுக்குப் போய் அழுவியே, விசரி? நான் போறன். நான் பார்த்துக்கொள்ளுறன்" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உருத்திரபுரத்துக்குப் போனார். திங்கள் விடிய நான் கடைப் படியிலேயே காத்திருந்தேன்.

"எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டன். நீ கட்டேல்லை எண்டு என்ர பிள்ளையளில சத்தியம் பண்ணினனான்."

"என்ன சொன்னவை?"

"யோசிச்சுச் சொல்லுகினமாம். நல்ல மனிசி, தேத்தண்ணி எல்லாம் தந்தவா."

யோசித்துச் சொன்னார்கள். சாதகத்தை ஐயர் திருப்பிப் பார்த்தாராம், எனக்குச் செவ்வாய் இருக்கிறதாம். முதல் தரம் பார்த்தபோது இல்லாத செவ்வாய் இரண்டாம் தரம் எங்கே இருந்து வந்தது? ஆனால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்ததே.

நான் அக்காவைக் குறை நினைக்கவில்லை. போனாரே, சத்தியம் பண்ணினாரே என்று நன்றியோடுதான் இருந்தேன். படத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். "அந்தப் படத்தைத்தானடி கூடச் சனம் பாக்குது. கொஞ்சம் பொறு, வேற பொம்பிளையின்ர படம் கிடைச்ச உடன எடுத்துப்போடுறன்" என்றார். வேறு படம் எங்கே கிடைக்கப் போகிறது? தாய்மார் விட்டால்தானே.

வைகாசியில் ஒரு கலியாணம் பதிவாகியது. பெரிய வேலை. பொம்பிளையும் மாப்பிள்ளை பக்கத்துப் பெண்களும் எங்கள் கடையிலேயே வெளிக்கிடுகிறார்கள் என்று கனடாவிலிருந்து பேசி முடித்திருந்தார்கள். கலியாணத்துக்கு முதல் நாள்தான் அக்கா மெல்லச் சொன்னார், "மாப்பிள்ளை நிருஷன். நீ வேணுமெண்டா நாளைக்கு லீவெடு."

"நான் ஏன் ஒளிக்க வேணும்? வாறன்" என்றேன்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சைக்கிளை உழக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் வாய்க்கால் கட்டில் இறங்கி நின்று அழுதேன்.

விடியக் காலையிலேயே அவர்கள் வந்துவிட்டார்கள். பொம்பிளை யதுர்ஷிகா, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, பயந்த முகம். அவளைச் சாரங்கா அக்கா தன் கதிரையில் இருத்திக்கொண்டார். கனடா அக்கா ஏசிக்கு நேரே உள்ள கதிரையில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். சிவனேஸ்வரி அம்மா என் கைக்கு வந்தார். என்னை அடையாளம் கண்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. கோவிலடியில் என் கன்னத்தைத் தடவி, "வடிவான பிள்ளை" என்று சொன்ன மனிசி இவர்தான்.

தலையைச் சிக்கெடுத்தேன். நல்ல முடி, பாதி நரை. கொண்டை கட்டத் தொடங்கியபோது என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"அம்மா, ஒரு கதை சொல்லோணும். நான் கலியாணம் கட்டினனான் எண்டு நினைச்சுத்தானே வேண்டாமெண்டனீங்கள். நான் கட்டேல்லை. இனிச் சொல்லி ஒண்டும் ஆகப்போறதில்லை. ஆனா நீங்கள் அப்பிடி நினைச்சுக்கொண்டு இருக்கக்கூடாது."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை.

"தெரியும் பிள்ளை."

"தெரியுமோ?"

"அப்பவே உங்கட சாரங்கா வந்து சொன்னவாதானே. நீ கட்டேல்லையாம். கலியாண ஆசையில, ஆக்கள் இல்லாத நேரம் பாத்துக் கூறையை எடுத்து உடுத்து, தாலியையும் நீயே போட்டுப் படம் எடுத்து, உன்ர பாட்டில எழுதிப்போட்டாயாம். தனக்கே பிறகுதான் தெரியுமாம். புருசன் பார்த்தவர் எண்டும் எழுதியிருந்தாயாமே." அவர் குரலைத் தாழ்த்தினார், என் மானத்தைக் காப்பாற்றுகிறவர் போல. "குணத்தில பிழையில்லை, வயசு போகுதெல்லோ, பாவம், ஏக்கம் எண்டு சொன்னவா. நான் உன்னில கோவிக்கேல்லைப் பிள்ளை. ஆனா நீயே சொல்லு, தாலியை விளையாட்டுக்குப் போட்டு, இல்லாத புருசனை வைச்சு எழுதிற பிள்ளையை நான் என்னெண்டு வீட்டுக்கு எடுக்கிறது?"

என் கைகள் அவருடைய தலையில் இருந்தன. அவற்றை அங்கேயே வைத்திருந்தேன். எங்கே எடுத்து வைப்பதென்று தெரியவில்லை.

மற்றதெல்லாம் பொய். நான் ஒளித்து உடுத்தது பொய், தாலியை நானே போட்டது பொய், அக்காவுக்குத் தெரியாது என்பது பொய். ஆனால் அந்தப் புருசன் வரி என்னுடையது. அந்த ஒரு உண்மையை எடுத்துத்தான் மற்றப் பொய்களையெல்லாம் அக்கா கட்டியிருக்கிறார். மறுக்கப் போனால் அந்த வரியை ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்கம் காலில் இருந்து தலைவரைக்கும் ஏறியது.

கண்ணாடியில் சாரங்கா அக்காவைப் பார்த்தேன். யதுர்ஷிகாவின் தலையைக் குனிந்து பின்னிக்கொண்டிருந்தார். வாய் நிறையக் கொண்டை ஊசி. எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஒரு ஊசியைக்கூட அவர் வாயிலிருந்து எடுக்கவில்லை.

"அப்ப ஏனம்மா இந்தக் கடைக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அதற்குக் கனடா அக்காதான் பதில் சொன்னார், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "இஞ்சதானே ஃபைவ் ஸ்டார் கிடக்கு. நான் எல்லா ரிவியூவும் ஒண்டொண்டா வாசிச்சுப் பாத்துத்தான் புக் பண்ணினனான். நீங்கள் எழுதினீங்களெண்டாப்போல எல்லாரும் பொய்யே எழுதப் போகினம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரித்திருந்தால் விசர், பைத்தியம் என்றிருப்பார்கள், அதையும் ஒரு காரணமாகச் சேர்த்திருப்பார்கள். அவர் வாசித்தவற்றில் பாதியை அந்த ரோஸ் நிறப் பலகைக்குப் பின்னால் இருந்து நான்தான் எழுதினேன். பொய் எழுதியவள் என்று என்னைத் தள்ளி வைத்தவர்கள், என் பொய்யை நம்பி வந்து என் கையில் தலையைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

கொண்டையைக் குலைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அந்தத் தலையில் எனக்கு என்ன கோபம்? நன்றாகவே கட்டினேன், பூவும் வைத்தேன். பிறகு யதுர்ஷிகா என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அக்கா, நான் நல்லா இருக்கிறனோ?"

"நல்லா இருக்கிறீங்கள்" என்றேன். மைக்கூட்டில் விரலைத் தொட்டு, அவளுடைய காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். கண்படாமல் இருக்கட்டும். குறிப்பாக என்னுடைய கண்.

அவர்களை ஏற்றிய வான் கிளம்பிப் போன சத்தம் கேட்டதும் அக்காவின் முன்னால் போய் நின்றேன்.

"நான் கலியாண ஆசையில எழுதினனானோ, அக்கா?"

அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். "வேற என்னத்தையடி சொல்லச் சொல்லுறாய்? நாங்கள்தான் எழுதுவிச்சனாங்கள் எண்டு சொன்னா, அவள் கனடாக்காரி சும்மா இருப்பாளே? மற்றதுகளும் பொய்யோவெண்டு கிண்டுவாள். உலகமெல்லாம் எழுதி விடுவாள். கடை போனா உனக்கும் சோறில்லை, எனக்கும் சோறில்லை."

"என்ர கலியாணம் போட்டுதே, அக்கா."

"உனக்கு வேற மாப்பிள்ளை வருவான். எனக்கு வேற கடை வருமே?" என்றவர், என் முகத்தைப் பார்த்துக் குரலை மாற்றினார். "அழாதை. நான் நல்ல இடமாப் பாத்துத் தாறன். உன்னை நான் விடமாட்டன் எண்டு உனக்குத் தெரியும்தானே?"

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதது போல இருந்தது. மேலங்கியைக் கழற்றி அந்தக் கதிரையில் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து, கடையின் பெயரைத் தட்டி, என் சொந்தப் பெயரில் எழுதினேன். ஒரு நட்சத்திரம். 'நான் இங்கே வேலை செய்தவள். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. இங்கே இருக்கும் மணப்பெண் படம் என்னுடையது. சாரங்கா அக்கா சொல்லித்தான் பொய்யாக எழுதினேன். தாலியைப் போட்டுவிட்டவரும் அவர்தான். நல்லது என்று இங்கே எழுதியிருப்பதில் பெரும்பாலானவை நாங்கள் எழுதியவை.' எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். ஒரு வரிகூடக் கூட்டவில்லை.

அடுத்த நாள் கடையின் பதில் வந்திருந்தது. 'இப்பெயரில் எந்த வாடிக்கையாளரும் எமது நிலையத்துக்கு வந்ததில்லை. போட்டியாளர்களின் பொய்ப் பிரசாரத்தை நம்ப வேண்டாம். உங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி.' யாராவது குறை எழுதினால் போடுவதற்கென்று ஒரு நாள் அக்கா எழுதித் தரச் சொன்ன பதில் அது. எழுதிக் கொடுத்தவள் நான். 'மேலான' என்ற சொல்லை நான்தான் போட்டேன்.

அந்தக் கிழமைக்குள் நான் எழுதியது காணாமல் போனது. கடைப் பக்கம் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள் போல. எனக்கு ஒரு அறிவித்தல் வந்தது. என்னுடைய கருத்து உண்மையான அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டதல்ல என்பதால் நீக்கப்பட்டதாம். என் முதல் பதிவு, கணவர் பார்த்த பார்வையோடு, அத்தனை மாதம் அங்கே இருந்தது. அதைப் பொய் என்று ஒரு இயந்திரமும் சொல்லவில்லை.

இப்போது நான் பரந்தன் பக்கம் ஒரு சின்னக் கடையில் புருவம் திருத்துகிறேன். வந்த இரண்டாம் நாளே அந்த முதலாளி அக்கா, "உமக்கு எழுத்து வருமாமே, எங்கட கடைக்கும் நாலு வரி நல்லதா எழுதிவிடுமன்" என்று கேட்டார். எழுத்து வராது என்று சொல்லிவிட்டேன்.

சில வேளைகளில் மத்தியானத்தில் சாப்பிட்டுவிட்டுப் பழைய கடையின் பெயரைத் தட்டிப் பார்ப்பேன். நட்சத்திரம் குறையவில்லை. கனடா அக்கா நீளமாக எழுதியிருக்கிறார், அம்மாவின் கொண்டையை ஊரே பாராட்டியதாம். முழு ஐந்து. கனடாவில் கண்ணூறு இல்லைப் போல. அதற்கு மேலே, முதலாவதாக, என் படம் அப்படியே இருக்கிறது. கூறையும் நெற்றிச்சுட்டியுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கழுத்தில் தாலி.

இதுவரைக்கும் என் கழுத்தில் தாலி ஏறியது அந்த ஒரு தரம்தான். பின்னால் நின்று கொழுக்கி மாட்டியது சாரங்கா அக்கா.